செஞ்சி வட்டாரக் கதைமரபில் பழியும் கையறுநிலையும்: தேசிங்கு ராஜன் கதை, படுகளம், நுவார் நிகழ்பட விளையாட்டு

ஆய்வுச் சுருக்கம்

துயரத்தையும் பழிவாங்கலையும் மையமாகக் கொண்ட 'நுவார்' வகை நிகழ்பட விளையாட்டுகள் இருபத்தோராம் நூற்றாண்டின் செல்வாக்குள்ள கதைவடிவங்களுள் ஒன்றாகியுள்ளன. இக்கட்டுரை அவ்வடிவத்தைச் செஞ்சி வட்டாரத்தின் இரு கதைமரபுகளுக்கு அருகில் வைத்துப் பார்க்கிறது. ஒன்று, 1714-இல் ஆர்க்காட்டு நவாபுடன் போரிட்டு மடிந்த தேசிங்கு ராஜனைப் பற்றிய கதைப்பாடல். மற்றொன்று, திரௌபதியம்மன் விழாவில் நிகழும் படுகளம். 'பழி' என்னும் சொல்லின் இரட்டைப் பொருளும் 'கையறுநிலை' என்னும் புறத்துறைக் கருத்தும் இவ்வொப்பீட்டுக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன. தேசிங்கின் கதையில் பழிவாங்குவோர் ஒருவரும் இல்லாமற்போனது ஏன் என்னும் வினாவுக்கு விடை தேடுவதே கட்டுரையின் முதன்மை நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: செஞ்சி, தேசிங்கு ராஜன், கதைப்பாடல், படுகளம், பழி, கையறுநிலை, நுவார், நிகழ்பட விளையாட்டு

முன்னுரை

செஞ்சியின் அரசியல் வரலாறு விரிவாக எழுதப்பட்ட ஒன்று. சி. எஸ். சீனிவாசாச்சாரியார் ஆங்கிலத்தில் எழுதி 1943-இல் வெளிவந்த செஞ்சி வரலாறு இன்றும் அடிப்படை நூலாக விளங்குகிறது. கோன் மரபினர், நாயக்கர், பீசப்பூர்ச் சுல்தான்கள், மராத்தியர், முகலாயர், ஆர்க்காட்டு நவாபுகள், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனக் கோட்டை கைமாறிய வரிசை அந்நூலில் தெளிவாகவே உள்ளது. ஆயினும், இத்தனை பேர் ஆண்ட கோட்டையை மக்கள் அழைப்பது பெரும்பாலும் ஒரே ஒருவர் பெயரால்தான். பத்து மாதங்கள்கூட நிலைத்து ஆளாத, இருபத்திரண்டு வயதில் இறந்துபோன ஓர் இளைஞனின் கோட்டையாகவே அது நினைவில் நிற்கிறது. வென்றவர் பலர் இருக்க, தோற்றவன் பெயர் ஏன் நிலைத்தது என்பது வரலாற்று மாணவர் எவருக்கும் எழும் வினா.

இவ்வினாவை நிகழ்பட விளையாட்டுகளோடு இணைத்துப் பேசுவது சிலருக்குப் பொருந்தா ஒப்பீடாகத் தோன்றலாம். கூத்தும் கதைப்பாடலும் ஆய்வுக்குரிய பொருள்களாக ஏற்கப்படுவதற்கே தமிழ் ஆய்வுலகில் நெடுங்காலம் பிடித்தது. பெரிய எழுத்துக் கதைகளைச் சந்தைச் சரக்கு என ஒதுக்கிய காலமும் உண்டு. இன்றைய இளைஞர் இரவெல்லாம் கண்விழித்து ஈடுபடும் கதைவடிவத்தை அதே போல் ஒதுக்குவது பழைய பிழையை மீண்டும் செய்வதாகும். பழிவாங்கும் கதையொன்றை முன்னகர்த்துவதில் தாமும் ஒரு பங்கேற்பாளர் என்னும் நிலை, கூத்துக்களத்தில் அமர்ந்திருப்பவருக்கும் திரைமுன் அமர்ந்திருப்பவருக்கும் பொதுவானது.

பழியும் கையறுநிலையும்

'பழிவாங்குதல்' என்பதிலுள்ள பழி, எதிரிக்குத் திருப்பித் தரும் தண்டனை. 'பழி சுமத்துதல்', 'பழிக்கு அஞ்சுதல்' என்னும் வழக்குகளிலுள்ள பழியோ, செய்தவர் மேல் விழும் குற்றமும் அவப்பெயரும் ஆகும். ஒரே சொல் இரண்டையும் சுட்டுவதால், பழி வாங்குபவர் பழிக்கு ஆளாவதும் அச்சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தமக்கு நேர்ந்த அநீதிக்கு நீதி கேட்டு எதிரியின் வாசலிலேயே உண்ணாமல் கிடப்பதைப் 'பழிகிடத்தல்' என்பர். அங்குத் தன் உயிரே கருவியாகிறது. பழையனூர் நீலி கதையில் நீலியின் பழி நிறைவேறும்போது, கொடுத்த வாக்குக்காக எழுபது வேளாளர் தீப்பாய்கின்றனர். பழி எவ்விடத்தில் தொடங்கி எவர் தலையில் முடியும் என்பது எவர் கட்டுப்பாட்டிலும் இல்லை என்பதையே இக்கதைகள் காட்டுகின்றன.

இதற்கு எதிர்முனையில் நிற்பது கையறுநிலை. தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்தோர் செயலற்று வருந்துவதைப் பாடும் புறத்துறை இது. அதியமானுக்காக ஔவையார் பாடியவையும் பாரியின் பறம்பு வீழ்ந்தபின் எழுந்த பாடல்களும் இத்துறையைச் சார்ந்தவை. மூவேந்தரும் சூழ்ந்து பாரியைக் கொன்றனர் என்பது மரபு. எனினும் பாரி மகளிரின் குரலில் பழிவாங்கும் சூளுரை எதுவும் இல்லை. கை அறுந்த நிலை என்றே அச்சொல் பொருள்படும். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று உணரும்போது எஞ்சுவது நினைவுகூர்தல் மட்டுமே. பழி, கையறுநிலை ஆகிய இவ்விரண்டுக்கும் இடையில்தான் துயரக் கதைகள் பெரும்பாலும் இயங்குகின்றன எனலாம்.

1714-இல் நிகழ்ந்தது

மராத்திய அரசர் இராஜாராம் தங்கியிருந்த செஞ்சியை நீண்ட முற்றுகைக்குப் பின் 1698-இல் முகலாயப் படைத்தலைவர் சுல்பிகார் கான் கைப்பற்றினார். அதன்பின் கோட்டைக்காவலராக அமர்த்தப்பட்டவர் புந்தேல இராசபுத்திரரான சொரூப்சிங். ஆர்க்காட்டு நவாபுக்கு அவர் செலுத்தவேண்டிய தொகை ஆண்டுக்கணக்கில் நிலுவையில் நின்றது. பத்தாண்டு நிலுவை எழுபது இலட்சம் ரூபாய் என்று கூறுவர். சொரூப்சிங் 1714-இல் இறந்தார். புந்தேலகண்டிலிருந்து வந்து பொறுப்பேற்ற அவர் மகன் தேஜ்சிங் என்னும் தேசிங்கு, அந்த ஜாகீர் ஔரங்கசீப் தம் குடும்பத்திற்கு அளித்தது என்றும் நவாபுக்குக் கட்டுப்படத் தேவையில்லை என்றும் வாதிட்டார். நவாப் சாதத்துல்லா கானோ, புதிய பேரரசரின் ஒப்புதலின்றி அவ்வுரிமை செல்லாது என்றார். சுருங்கச் சொன்னால், பேரரசு தளர்ந்த காலத்தில் இரு முகலாய அலுவலர் குடும்பங்களுக்கிடையே எழுந்த ஆவணச் சிக்கலும் பணச் சிக்கலும் இது.

1714 அக்டோபர் 3 அன்று தேவனூருக்கு அருகிலுள்ள கடலிப் பகுதியில் போர் நிகழ்ந்தது. தேசிங்கிடம் இருந்தவை சில நூறு குதிரைகளே. நவாபின் படையோ பன்மடங்கு பெரியது. தேசிங்கின் நெருங்கிய நண்பரான மகபத் கான் களத்தில் வீழ்ந்தார். நவாபின் யானையை நெருங்கித் தாக்க முயன்ற தேசிங்கு குண்டுபட்டு இறந்தார். செஞ்சி நவாபின் ஆளுகைக்குள் வந்தது.

இந்நிகழ்ச்சியை அறியத் துணைசெய்யும் சான்றுகளில் நவாபின் அவையைச் சார்ந்த யசுவந்த் ராயின் பாரசீக நூலான சயீத்நாமாவும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செஞ்சியைச் சேர்ந்த நாராயணன் தொகுத்த கர்நாடக இராஜாக்கள் சவிஸ்தார சரித்திரமும் குறிப்பிடத்தக்கவை. முன்னது வென்றவரின் பக்கம். பின்னது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் உள்ளூர் நினைவின் பக்கம். கதைப்பாடல் இவ்விரண்டிலிருந்தும் வேறான ஒரு வேலையைச் செய்கிறது.

கதைப்பாடல் மாற்றியவை

தேசிங்கு ராஜன் கதை வாய்மொழியாகப் பாடப்பட்டும், பின்னர் இரத்தின நாயகர் போன்ற பதிப்பகத்தார் அச்சிட்ட பெரிய எழுத்துப் புத்தகங்கள் வழியாகவும் தமிழகமெங்கும் பரவியது. கான்சாகிபு சண்டை, கட்டபொம்மன் கதை முதலிய வரலாற்றுக் கதைப்பாடல்களின் வரிசையில் வைத்து எண்ணத்தக்கது இது.

கதைப்பாடலில் நிலுவைத் தொகை பின்னணிக்குச் சென்றுவிடுகிறது. முன்னணிக்கு வருபவை மூன்று பிரிவுகள். முதலாவது, தெய்வத்திடமிருந்து பிரிவு. போருக்கு விடைகேட்டுச் சிங்கவரம் அரங்கநாதர் முன் நின்ற தேசிங்கை நோக்காமல் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்னும் செய்தி இன்றும் அவ்வூரில் வழங்குகிறது. குடைவரையில் பள்ளிகொண்ட திருமேனியின் தலைச் சாய்வைக் காட்டி அதைச் சொல்வர். இரண்டாவது, மனைவியிடமிருந்து பிரிவு. இராணிபாயிடம் விடைபெறும்போது இருவருக்கும் இடையே திரை தொங்குகிறது. முகம் காணாமலேயே அவன் புறப்படுகிறான். மூன்றாவது, நண்பனுடையது. மகபத் கான், கதைப்பாடலின் வழக்கில் மோவுத்துக்காரன், வழுதாவூரில் மணக்கோலத்தில் இருக்கும்போது செய்தி வருகிறது. மணப்பந்தலைவிட்டு எழுந்து வந்து, களத்தில் தேசிங்குக்கு முன்பே மடிகிறான்.

முடிவை அறிந்த நிலையிலேயே கேட்போர் இம்மூன்று காட்சிகளையும் கேட்கின்றனர். தெய்வமே முகம் திருப்பிய பின் நடப்பது எதுவும் நாயகனின் கையில் இல்லை. அவனுக்கு எஞ்சியிருப்பது எப்படி இறப்பது என்னும் தெரிவு மட்டுமே. இங்குக் கதைப்பாடல் வரலாற்றிலிருந்து துணிந்து விலகுகிறது. பரவலாக வழங்கும் வடிவத்தில் தேசிங்கைப் பகைவன் குண்டு கொல்வதில்லை. நண்பனை இழந்த அவன், வாளை வானோக்கி வீசி, கீழே விழும் வாளைத் தன் மார்பிலேயே ஏந்தி உயிர்விடுகிறான். வீரனைப் பகைவன் கொல்ல முடியாது என்னும் பெருமித மனப்பான்மை இம்மாற்றத்துக்குக் காரணமென எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவ்விளக்கம் போதுமானதன்று. பெருமிதம் மட்டுமே நோக்கமாயின், நவாபைக் கொன்றுவிட்டு அவன் இறப்பதாகப் பாடுவதற்குப் பாடகருக்குத் தடை ஏதும் இல்லை. நவாபின் தலைவர்களுள் ஒருவனைத் தேசிங்கு வெட்டுவதைப் பாடல் ஆர்வத்தோடு விவரிக்கவே செய்கிறது. இருந்தும் நண்பனின் சாவுக்கு ஈடாக ஒரு கொலையைப் பாடல் நிறுத்தவில்லை. ஈடாக நிற்பது நாயகனின் சொந்த உயிர்தான். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பிசிராந்தையார் தேடிவந்து உடன் உயிர்நீத்ததாகச் சொல்லும் மரபின் தொலைவான எதிரொலியை இங்குக் கேட்கிறோம் என்பது என் கருத்து.

பழி மனைவி வழியாகவும் தொடரவில்லை. இராணிபாய் கணவனோடு தீப்புகுந்தாள். செட்டிகுளத்தின் கரையில் உடல் எரிக்கப்பட்ட இடம் இன்றும் சுட்டப்படுகிறது. வென்ற நவாப் அவள் துணிவை மதித்து இராணிப்பேட்டையை அமைத்தார் என்பது செவிவழி மரபு. ஒரு பேட்டை தோன்றுவதற்குப் படை, வாணிகம், நீர் முதலிய காரணங்களே முதன்மையானவை என்பதில் ஐயமில்லை. எனினும், கொன்றவரே துக்கம் காத்தார் என்று ஒரு மக்கள்கூட்டம் நம்ப விரும்பியது என்பதும் ஒரு வரலாற்றுச் செய்தியே.

மேலச்சேரியும் படுகளமும்

செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரி, 'பழைய செஞ்சி' என்று வழங்கப்படும் ஊர். திரௌபதியம்மன் வழிபாட்டின் மூலத்தலமாக அவ்வழிபாட்டினர் பலர் இதனையே கருதுகின்றனர். செஞ்சியை ஆண்ட சுனீதன் என்னும் அரசனுக்காக நூறுதலை அரக்கனை அழிக்கத் திரௌபதி மீண்டும் தோன்றினாள் என்பது தலக்கதை. ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இல் வெளியிட்ட ஆய்வின் முதல் தொகுதி, செஞ்சியிலிருந்து குருச்சேத்திரம் வரை என்னும் பொருள்படத் துணைத்தலைப்புப் பெற்றது தற்செயலானதன்று.

விழா நாள்களில் பகலில் பாரதம் படிக்கப்படும். இரவில் கூத்து நடக்கும். சூதில் இழந்து, அவையில் இழிவுபடுத்தப்பட்ட திரௌபதி கூந்தலை முடியாமல் விடுகிறாள். இறுதி நாள் காலையில் அதற்கான நிறைவு களத்தில் நிகழ்கிறது. ஊர்ப் பொதுவிடத்தில் துரியோதனனின் மாபெரும் மண்ணுருவம் மல்லாந்து கிடக்கும். வீமன், துரியோதனன் வேடங்கட்டியோர் அதைச் சுற்றிச் சண்டையிடுவர். இறுதியில் தொடைப்பகுதி அடிக்கப்பட, அங்கு வைத்த செந்நீர் வெளிப்படும். அது திரௌபதியின் கூந்தலில் தடவப்பட்டு, பூச்சூட்டி முடிக்கப்படும். அன்று மாலை தீமிதி.

பழி இங்கு முழுமையாக நிறைவேறுகிறது. ஆனால் நிகழ்வு அங்கே நின்றுவிடுவதில்லை. துரியோதனனின் மனைவி பெருந்திருவாளாகவோ தாய் காந்தாரியாகவோ வேடமேற்றவர் வந்து, மண்ணுருவத்தைச் சுற்றி ஒப்பாரி வைத்து அழுவார். துடைப்பத்தையும் முறத்தையும் கொண்டு அவ்வுருவத்தை அடிப்பதும் உண்டு. அழுகையும் ஏச்சும் ஒன்றாகக் கலந்த அக்காட்சியில் சுற்றி நிற்போர் சிலர் சிரிப்பர், சிலர் கண்கலங்குவர். பகைவனுக்கும் அழுவதற்கு ஒருத்தி வேண்டும் என்பதைச் சடங்கு கட்டாயமாக்குகிறது. பழி தீர்ந்த மறுகணமே எதிர்ப்பக்கத்தின் கையறுநிலையை ஊரார் காதால் கேட்டாகவேண்டும்.

வேடங்கட்டுவோரின் நடத்தை இதனினும் நுட்பமானது. துகிலுரிதல் கூத்தில் துச்சாதனன் வேடமேற்றவர் அம்மனிடம் மன்னிப்பு வேண்டுவதும், சேலையைப் பற்றும் தறுவாயில் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி வணங்குவதும் கூத்தாய்வாளர்கள் பலரும் பதிவுசெய்துள்ள செய்தி. செய்வது பாத்திரமே, தாம் அல்லர் என்று கலைஞர் தப்பித்துக்கொள்வதில்லை. நடித்த கைக்கும் பழி ஒட்டும் என்ற அச்சம் அங்கே உண்மையானது.

இவ்வழிபாட்டில் திரௌபதிக்குக் காவலாக நிற்கும் முத்தால் ராவுத்தன் ஒரு முஸ்லிம் வீரன். தேசிங்கு கதையின் மோவுத்துக்காரனையும் இக்காவல் தெய்வத்தையும் ஒன்றெனக் கொள்வதற்கு இடமில்லை. ஆயினும் இருவரும் ஒரே நிலப்பரப்பில், ஒரே வகையான இடத்தில் நிற்கின்றனர்: தம்முடையது அல்லாத ஒரு துயரத்தைத் தம்முடையதாக ஏற்றுக் காவல் நிற்கும் அண்டைவீட்டார் இடம் அது. இன்று சிலர் தேசிங்கின் போரை இரு சமயங்களின் போராகச் சித்திரிக்க முற்படும்போது, கதைப்பாடல் தன் மிக ஆழ்ந்த அழுகையை எவனுக்காக அழுதது என்பதை நினைவூட்டவேண்டியுள்ளது.

இரவில் நிகழும் பழி

'நுவார்' என்பது கறுப்பு என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல். 1946-இல் நினோ ஃபிராங்க் என்னும் விமரிசகர் சில அமெரிக்கத் திரைப்படங்களைக் குறிக்க அதனைக் கையாண்டார். இரவு, மழை, குற்றவுணர்வோடு தன் கதையைத் தானே சொல்லும் மனிதன், திருத்த முடியாத இறந்தகாலம் ஆகியவை அதன் அடையாளங்கள். தமிழில் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) இவ்வகைக்கு முன்னோடி. 'ஆரண்ய காண்டம்' (2011) அதன் பிற்காலக் கிளை.

பாரதத்தில் இதற்கு நெருக்கமான பகுதி எதுவென்று கேட்டால், சௌப்திக பருவத்தையே சுட்டவேண்டும். பொய்யால் ஆயுதம் கீழே வைக்கவைத்துக் கொல்லப்பட்ட துரோணரின் மகன் அசுவத்தாமன், போர் முடிந்த இரவில் ஒரு மரத்தடியில் உறக்கமின்றி இருக்கிறான். உறங்கும் காக்கைகளை ஓர் ஆந்தை கொல்வதைக் காண்கிறான். அதே வழியில் பாசறைக்குள் நுழைந்து உறங்குவோரைக் கொல்கிறான். திரௌபதியின் ஐந்து புதல்வரும் அதில் மாள்கின்றனர். அவன் துயரம் நியாயமானது. அவன் செயலோ ஏற்கமுடியாதது. கூந்தல் முடித்த திரௌபதி அந்த இரவுக்குப்பின் பிள்ளைகளை இழந்தவள். வில்லிபுத்தூரார் தம் பாரதத்தைப் பத்துப் பருவங்களாக அமைத்து இந்தச் சௌப்திக பருவத்தோடு நிறுத்தியதால், தமிழ்ப் பாரதம் படிக்கும் மரபு வெற்றி முடிசூட்டில் அன்றி இவ்விரவிலேயே வந்து முடிகிறது. கூத்து வட்டாரத்தில் வளர்ந்த ஒருவருக்கு நுவாரின் இருள் அவ்வளவு அயலானது அன்று என்று சொல்வதற்கு இதுவே போதிய சான்று.

ஆடுவோர் கையில் பழி

பின்லாந்து நாட்டு ரெமடி நிறுவனம் உருவாக்கி 2001-இல் வெளிவந்த 'மேக்ஸ் பெய்ன்' நுவார் விளையாட்டுகளுள் பெரும்புகழ் பெற்றது. 2000-களில் தமிழகச் சிறுநகரக் கணினிகள் வரையிலும் அது வந்து சேர்ந்தது. நியூயார்க் காவலர் மேக்ஸ் ஒரு நாள் வீடு திரும்புகிறார். போதைப்பொருளுக்கு அடிமையானோர் வீட்டில் புகுந்துள்ளனர். மனைவியும் கைக்குழந்தையும் கொல்லப்படுகின்றனர்.

இத்தொடக்கப் பகுதியின் அமைப்பே நம் கவனத்திற்குரியது. மேக்ஸை நடத்திச் செல்வது ஆட்டக்காரரின் கை. அறை அறையாக அவர் ஓடலாம், சுடலாம், எத்தனை விரைவாக ஓடினாலும் மனைவியையோ குழந்தையையோ காப்பாற்ற முடியாது. செயலுக்கென்றே அமைந்த ஓர் ஊடகம், விசைகளைக் கையில் கொடுத்துவிட்டு, அவற்றால் பயனில்லை என்று உணர்த்துகிறது. கையறுநிலை என்னும் சொல்லை இதைவிட நேர்ப்பொருளில் விளக்கும் கலைவடிவம் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. நாவல் படிப்பவரும் திரைப்படம் பார்ப்பவரும் தொடக்கம் முதலே கை கட்டியிருப்பவர்கள். அவர்களிடமிருந்து பறிப்பதற்கு ஒன்றுமில்லை.

அதன்பின் வரும் பகுதிகள் பழியின் இரு பொருளையும் ஒருசேரக் கொண்டுள்ளன. மேக்ஸ் பழிவாங்கப் புறப்படுகிறார். அதே வேளையில் தம் நண்பரான சக அலுவலரைக் கொன்ற பழியும் அவர்மேல் சுமத்தப்படுகிறது. வேட்டையாடுபவரும் வேட்டையாடப்படுபவரும் அவரே. பனி கொட்டும் நகரத்தில் அவருடைய காயங்களுக்கு மருந்து வலிநிவாரணி மாத்திரைகள் மட்டுமே. குணமாவதற்கு வழியில்லை, வலியை மறக்க மட்டுமே வழியுண்டு. கதை முடிவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் சொல்லப்படுவதால், சிங்கவரத்துப் பெருமாள் முகம் திருப்பிய பின் தேசிங்கின் கதையைக் கேட்பவரின் நிலையே இங்கும் ஆட்டக்காரருக்கு வாய்க்கிறது.

ஆயினும் மேக்ஸ் பெய்னில் ஒரு குறை உண்டு. அதில் கொல்லப்படும் நூற்றுக்கணக்கானோருக்காக அழுவார் ஒருவரும் இல்லை. பெருந்திருவாள் இல்லாத படுகளம் அது. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, நாட்டி டாக் நிறுவனம் உருவாக்கி 2020-இல் வெளிவந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பகுதி இக்குறையை நேரடியாக எதிர்கொண்டது. தந்தை போன்ற ஜோயலைத் தன் கண்முன் கொன்ற ஆபியைத் தேடி எல்லி புறப்படுகிறாள். ஆட்டத்தின் நடுவில் கட்டுப்பாடு எல்லியிடமிருந்து விலகி ஆபியிடம் செல்கிறது. முன்பு ஜோயல் கொன்ற மருத்துவரின் மகளே அவள் என்பது தெரியவருகிறது. யாரைக் கொல்வதற்காக இதுவரை உழைத்தோமோ அவளாகவே பல மணி நேரம் ஆடியாகவேண்டும். இறுதி மோதலில் எல்லி ஆபியை விட்டுவிடுகிறாள். விரல்களை இழந்த அவளால் ஜோயல் கற்பித்த கித்தாரை முன்போல் வாசிக்க முடியவில்லை.

இந்த நடுமாற்றத்தைச் சினந்து எதிர்த்த ஆட்டக்காரர்கள் உலகெங்கும் இருந்தனர். வெறுப்பவளுடைய கையாக மாறும்படி கேட்கப்பட்டதே அச்சினத்துக்குப் பெருங்காரணம். துச்சாதனன் வேடங்கட்டியவர் ஏற்றும் கற்பூரம் இங்கு நினைவுக்கு வருகிறது. கூத்துக் கலைஞருக்குத் தம் கையில் ஒட்டும் பழியைக் கழுவிக்கொள்ளச் சடங்கு ஒரு வழி வைத்திருக்கிறது. திரைமுன் தனியே அமர்ந்திருப்பவருக்கு அப்படியொரு வழி இல்லை. அவர் விளையாட்டை அணைத்துவிட்டு எழுந்து போகவேண்டியதுதான். படுகளத்தை ஊரார் கூடி நடத்துகின்றனர். ஆண்டுதோறும் பழியை ஒரு பகல்பொழுதுக்குள் தொடங்கி முடித்து, தீமிதியோடு வீடு திரும்புகின்றனர். கூட்டாகச் செய்வதால் பழி பகிர்ந்துகொள்ளப்படுகிறது. நுவார் விளையாட்டில் அது ஒருவர் தலைமேல் இறங்குகிறது. இவ்விரு வடிவங்களுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடாக நான் கருதுவது இதனையே, தொழில்நுட்பம் இரண்டாமிடத்ததே.

பழிவாங்குவோர் இல்லாத கதை

தேசிங்கின் கதையில் பழிவாங்குவோர் ஏன் இல்லை என்னும் வினாவுக்கு இப்பின்னணியில் விடை காண முயலலாம். வாரிசு இல்லை என்பது எளிய விடை. ஆனால் கதைப்பாடலுக்கு வாரிசைப் படைப்பது கடினமான செயல் அன்று. அரவான் போன்றோரைச் சுற்றித் தமிழ்மரபு எத்தனையோ புதியன படைத்துள்ளது. மற்றொரு விடை அவ்வட்டாரத்தின் கதைச்சூழலில் உள்ளது. பழி நிறைவேறும் கதை ஒன்று செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஏற்கெனவே நிகழ்த்தப்பட்டு வருகிறது. திரௌபதியின் கூந்தல் அங்கே முடிக்கப்பட்டுவிடுகிறது. தேசிங்கின் கதை அதே நிலத்தில் அதற்கு நேர்மாறான இடத்தை நிரப்புகிறது. முடிக்கப்படாத துயரத்துக்கு, ஈடு செய்யப்படாத இறப்புக்கு அங்கு இடம் தரப்படுகிறது. ஒன்று பழியின் கதை. மற்றொன்று கையறுநிலையின் கதை. ஒரு சமூகத்துக்கு இரண்டுமே தேவைப்பட்டிருக்கின்றன என்றே கொள்ளவேண்டியுள்ளது.

இம்முடிவின்மையைப் பிற்காலத்தார் தாங்கிக்கொள்ள எளிதில் முடியவில்லை என்பதற்கும் சான்று உண்டு. 1960-இல் வெளிவந்த 'ராஜா தேசிங்கு' திரைப்படத்தில் எம்.ஜி.ஆர். தேசிங்காகவும் எதிர்ப்பக்கத்துத் தாவூத் கானாகவும் இரு வேடங்களை ஏற்றார். கொல்பவனுக்கும் கொல்லப்படுபவனுக்கும் ஒரே முகம் அமைந்தது. நட்பின் இழப்பாக இருந்த துயரத்தைத் திரைப்படம் உடன்பிறப்பின் துயரமாக மாற்றிக்கொண்டது. வெகுசனக் கலைக்குரிய எளிமைப்படுத்தல் என்று இதனைத் தள்ளிவிடலாம். எனினும் நிகழ்பட விளையாட்டு அறுபதாண்டுகளுக்குப்பின் கட்டுப்பாட்டை மாற்றிச் செய்த அதே வேலையை, ஒரே நடிகருக்கு இரு வேடங்கள் தந்து அப்படம் ஒருவகையில் செய்துபார்த்தது.

2025 சூலையில் செஞ்சிக்கோட்டை, மராத்திய இராணுவ நிலப்பரப்புகள் என்னும் தொகுதியின் பன்னிரண்டு இடங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மற்ற பதினொன்றும் மகாராட்டிரத்தில் உள்ளவை. 1677-இல் சிவாஜி கைப்பற்றியது முதல் 1698 வரையிலான சுமார் இருபது ஆண்டுகளே அத்தலைப்பின் கீழ் வருகின்றன. பட்டியலுக்கு ஒரு தலைப்பு வேண்டும் என்பதில் தவறில்லை. ஆனால் இனி அங்கு நடப்படும் விளக்கப் பலகைகளில் எவர் கதை எவ்வளவு இடம்பெறும் என்பது இவ்வட்டார ஆய்வாளர்கள் கவனிக்கவேண்டிய செய்தி. கோட்டைக்குள் சாதத்துல்லா கான் பெயரால் வழங்கும், போருக்கு மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பின் எழுந்த மசூதி நிற்கிறது. செட்டிகுளத்தின் கரையில் தேசிங்கும் இராணிபாயும் எரிந்த மேடை உள்ளது. போர்க்களம் இருந்த பக்கத்து ஊர்ப்புறத்தில் மகபத் கானின் கல்லறை என்று ஒன்றைக் காட்டுகின்றனர். அருகிலேயே குதிரையின் கல்லறை என்று மற்றொன்றையும் காட்டுவர். கோட்டையைப் பார்க்க வருவோர் பெரும்பாலும் அந்த ஊர் வரை செல்வதில்லை.